செயலி முறிவு (திறன்பேசி)

செயலி முறிவு என்பது திறன்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி, பயனர் மூடாமலேயே திடீரென நின்றுபோவது. பேச்சுவழக்கில் "ஆப் கிராஷ் ஆகுது", "ஆப் தானா மூடிக்குது" என்பார்கள். எப்போதோ ஒருமுறை நிகழ்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. திறக்கும்போதெல்லாம் நிகழ்ந்தால் அது தொடர் முறிவு. அதன் காரணம் செயலிக்குள் இருக்கலாம், பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் பொது உறுப்பில் இருக்கலாம், செயலி தொடர்புகொள்ளும் சேவையகத்திலும் இருக்கலாம். பழுது எங்கே என்று பாராமல் கை வைத்தால், பழுது நீங்குவதற்கு முன் பயனரின் தரவு நீங்கிவிடும்.

நிகழும் விதம்

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு பயனர் எண்ணுடன் தனிச் செயல்முறையாக ஓடுகிறது. ஆகவே ஒன்று முறிந்தால் மற்றவை பெரும்பாலும் தப்பிவிடும். நிரல் எதிர்பாராத நிலையைச் சந்தித்து, அதைக் கையாள வழி எழுதப்படாதிருந்தால், இயங்குதளம் அந்தச் செயல்முறையை முடித்துவைக்கும், அறிவிப்பும் காட்டலாம். ஐபோனில் அறிவிப்பு வராது. செயலி மறைந்து முகப்புத் திரை தோன்றும்.

முறிவு போலத் தோன்றும் வேறு மூன்று நிலைகள் உண்டு. தொடுதலுக்கு 5 வினாடிகளுக்குள் செயலி பதில் தராவிட்டால் ஆண்ட்ராய்டு அதை உறைந்த செயலியாகக் கருதி, மூடவா காத்திருக்கவா என்று கேட்கும். நினைவகம் போதாதபோது, பின்னணியில் உள்ள செயலிகளை இயங்குதளமே மூடும். திரும்பி வரும்போது அவை முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். சேவையகம் படுத்துவிட்டால் செயலி திறக்கும், வேலை மட்டும் நடக்காது.

காரணங்கள்

பிழையுள்ள புதுப்பிப்பு, பழைய இயங்குதளத்தில் ஓடும் புதிய செயலி, சிதைந்த தற்காலிகக் கோப்பு, நிரம்பிய சேமிப்பிடம் ஆகியவை வழக்கமான காரணங்கள். சேமிப்பிடம் நிரம்பினால் செயலி தன் தரவுத்தளத்தில் எழுத முடியாமல் நின்றுவிடும். குறைந்த கொள்ளளவுள்ள கைப்பேசிகளில், வாட்ஸ்அப் வழியே வந்து குவியும் படங்களும் காணொளிகளும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இயங்குதளத்தின் வயதும் ஒரு காரணம்: 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய பதிப்புகளை வாட்ஸ்அப் ஆதரிப்பதில்லை.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2018 பிப்ரவரியில், ஐஓஎஸ் 11.2.5 ஓடிய ஐபோன்களில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த செய்தியைத் திறந்தாலே செயலிகள் முறிந்தன. வாட்ஸ்அப், மெசஞ்சர், ஜிமெயில் எல்லாம் சிக்கின. எழுத்தைத் திரையில் வரைந்து தரும் பணி இயங்குதளத்துடையது என்பதால் எந்தச் செயலியாலும் இதைத் தனியே சரிசெய்ய முடியவில்லை. பிப்ரவரி 19-இல் வந்த 11.2.6 பதிப்பு குறையை நீக்கியது.

2020 மே 6-இலும் ஜூலை 10-இலும் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் உள்ளிட்ட ஐபோன் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அவற்றுள் பதிக்கப்பட்டிருந்த ஃபேஸ்புக்கின் நிரல்தொகுப்பே காரணம். பிழை ஃபேஸ்புக்கின் தரப்பில் இருந்ததால் அங்கேயே திருத்தப்பட்டது. பயனர்கள் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை.

2021 மார்ச் 22-23 நாட்களில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் முறிந்தன. செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் 'வெப்வியூ' என்னும் பொது உறுப்பில் பிழை இருந்தது. வெப்வியூவின் புதுப்பிப்பை நீக்கிவிடும்படி சாம்சங் தற்காலிகமாக அறிவுறுத்தியது. பின்னர் கூகுள் வெப்வியூவுக்கும் குரோமுக்கும் 89.0.4389.105 பதிப்பை வெளியிட்டது. ஜிமெயிலின் தரவை அழித்துப் பார்த்தவர்களுக்குப் பலன் கிடைக்க வழியில்லை. பழுது வெப்வியூவில் இருந்தது.

கேரளத்தில் நடந்தது வேறு வகை, பழுது சேவையகத்தின் பக்கம். கோவிட் காலத்தில் மதுக்கடை வரிசையைக் கட்டுப்படுத்த, கொச்சியைச் சேர்ந்த ஃபேர்கோட் டெக்னாலஜீஸ் உருவாக்கிய 'பெவ்க்யூ' செயலி 2020 மே 27-இல் வந்தது. ஏராளமானோர் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முயல, ஒருமுறைக் கடவுச்சொல் வராமல் பலர் தவித்தனர். கைப்பேசியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இத்தகைய குறை தீராது. 2025 ஏப்ரல் 12-இல் நாடு முழுவதும் யூபிஐ பணப்பரிமாற்றம் தடைப்பட்டதும் இந்த வகையே.

பழுதுநீக்கும் வரிசை

முதலில் பழுதின் பரப்பைக் காண வேண்டும். ஒரு செயலி மட்டும் முறிந்தால் அந்தச் செயலியையும், ஒரே நாளில் பல செயலிகள் முறிந்தால் பொது உறுப்பையும் ஐயுறலாம். பக்கத்துக் கைப்பேசியிலும் அதே செயலி தகராறு செய்தால் சேவையகமோ புதிய புதுப்பிப்போ காரணமாக இருக்கலாம், காத்திருப்பதே நல்லது.

கைப்பேசியில்தான் குறை என்றால், தரவுக்குச் சேதமில்லாத படிகளிலிருந்து தொடங்குவது முறை. செயலியைக் கட்டாயமாக நிறுத்தித் திறத்தல், கைப்பேசியை அணைத்துப் போடுதல், தேவையற்ற கோப்புகளை நீக்கிச் சேமிப்பிடத்தில் இடம் உண்டாக்குதல், செயலியையும் வெப்வியூவையும் இயங்குதளத்தையும் புதுப்பித்தல், கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழித்தல் ஆகியவை அத்தகையவை. பின்னால் நிறுவிய செயலி ஒன்று இடைஞ்சல் செய்கிறதா என்றறிய ஆண்ட்ராய்டில் பாதுகாப்பான பயன்முறை உதவும். அதில் அத்தகைய செயலிகள் ஓடா.

இவற்றில் எதுவும் உதவாவிட்டால் மட்டுமே தரவை அழித்தலும் நீக்கி நிறுவுதலும். கேஷை அழித்தால் செயலி அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். தரவை அழித்தால் உள்நுழைவும் கைப்பேசியில் மட்டும் இருந்த கோப்புகளும் போய்விடும். வாட்ஸ்அப் உரையாடல்கள் கைப்பேசியிலேயே இருப்பவை என்பதால் காப்புப் பிரதி எடுத்த பிறகே நீக்க வேண்டும். ஐபோனில் 2017 முதல், ஆவணங்களையும் தரவையும் விட்டுவைத்துச் செயலியை மட்டும் அகற்றும் வசதி இருக்கிறது.

கடைவீதியில் செயலி முறிவு

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை ஒட்டிய ஆரியசாலை போன்ற வணிகப் பகுதிகளில் பணம் கொடுப்பதும் வாங்குவதும் கைப்பேசிக்கு வந்துவிட்டதால், முறிவு கல்லாவைத் தொடும் விஷயமாகிறது. யூபிஐ செயலி பாதியில் மூடிக்கொண்டாலும் பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது, செயலிக்குள் இல்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியில் முறிவு நேர்ந்தால், மறுபடி அனுப்பச் சொல்வதற்கு முன் இரு தரப்பும் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது இரட்டைச் செலுத்தலைத் தவிர்க்கும். செயலியை நீக்கி நிறுவினால், வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பி மீண்டும் பதிய வேண்டும். அந்த சிம் வேறொரு கைப்பேசியிலோ ரீசார்ஜ் இல்லாமலோ இருந்தால் வரவைச் செயலியில் சரிபார்க்கக்கூட வழியிருக்காது. வியாபார நேரத்தில் நீக்கி நிறுவுவதைத் தவிர்ப்பது நல்லது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடு கடைக்காரரின் செயலி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணத்தை ஏற்கும்.

உருவாக்குநர் தரப்பு

முறிவு நேர்ந்த வரியைக் குறிக்கும் பதிவுகள், பயனர் இசைந்தால், உருவாக்குநருக்குச் செல்கின்றன. ஒரு செயலியை அன்றாடம் பயன்படுத்துவோரில் 1.09 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கண்ணெதிரே முறிவைச் சந்தித்தால், கூகுள் பிளே அதை மோசமான நடத்தை எனக் கொண்டு, அந்தச் செயலி தேடலிலும் பரிந்துரையிலும் தென்படுவதைக் குறைக்கலாம். குறிப்பிட்ட ஒரு கைப்பேசி மாடலுக்கு இவ்வரம்பு 8 விழுக்காடு. ஆகவே 'அறிக்கை அனுப்பவா' என்று திரை கேட்கும்போது இசைவது, பயனர் தன் கையால் செய்ய முடியாத திருத்தத்துக்கு வழிவிடும் செயல்.