மிலான் மாநகரில் ஒரு கூழ்க்கூடை

மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் 386-ஆம் ஆண்டு அகுஸ்தீனார் மனந்திரும்பிய காட்சியை இவ்வாரம் வருணிப்பதாகச் சொல்லியிருந்தோம். ஆயினும் தோட்டத்தை அணுகுமுன் அவருடைய அன்னையார் மோனிக்கம்மாள் எதிர்ப்படுகிறார், அவரைக் கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

முன்கோபியான பத்ரீசியுவுக்கு வாழ்க்கைப்பட்ட அவர், அக்கணவர் அந்தியகாலத்தில் ஞானஸ்நானம் பெறும்வரை பொறுத்திருந்த வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். மகனோ அதனினும் பெரிய சோதனை. 383-இல், நண்பனை வழியனுப்புவதாகப் பொய்யுரைத்து, தாயைக் கார்த்தேஜ் துறைமுகத்தருகே சிப்ரியானார் ஆலயத்தில் இரவெல்லாம் ஜபத்தில் விட்டுவிட்டு, ரோமாபுரிக்குக் கப்பலேறிவிட்டார் அந்தப் பிரசங்க சாஸ்திர ஆசிரியர். கரையில் நின்று கதறிய அம்மையார் பின்னர்த் தாமும் கடல் கடந்தார். வழியில் புயல் எழுந்தபோது மாலுமிகளுக்கே தைரியம் சொன்னவர் அவர்தாம்.

மிலானை அடைந்ததும், தம் ஆப்பிரிக்க வழக்கப்படி கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கூடையில் ஏந்தி, வேதசாட்சிகளின் சமாதிக்குச் சென்றார். நீர் கலந்த மது ஒரே ஒரு சிறு கிண்ணம். எத்தனை சமாதிகளுக்குப் போனாலும் அதையே சிறிது சிறிதாகப் பருகுவது அவர் வழக்கம். இளமையில் பெற்றோருக்கு மது மொண்டுவரும்போது இரகசியமாக ருசிபார்த்துப் பழகி, வேலைக்காரப் பெண்ணொருத்தி சண்டையில் குடிகாரி என்று ஏசியதால் அப்பழக்கத்தை அன்றே விட்டொழித்தவர் அல்லவா! வாயிற்காவலன் தடுத்தான், குடிவெறிக்கு இடமாகும், அஞ்ஞானிகளின் பிதிர்ச் சடங்கையும் ஒக்கும் என்று மேற்றிராணியார் அம்புரோசியார் விலக்கியிருந்தாராம். அம்மையார் வாதாடவில்லை; கூடையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுக்கலானார். புத்திரனுக்காக அழுத கண்ணீரைப் போற்றுவோர் பலர்; முதிய வயதில், அந்நிய ஊரில், ஆயுட்கால வழக்கத்தை ஒரு சொல்லில் கைவிட்ட இந்தப் பணிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட இயலாது. பல்லாண்டு அகுஸ்தீனாரோடு வாழ்ந்து அதெயோதாத்து என்ற மகனையும் பெற்ற பெண்ணை, குலத்துக்கேற்ற விவாகத்துக்குத் தடை என்று ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவ்விவாக முயற்சியில் அம்மையாரே முன்னின்றார். மகனைத் தந்தையிடம் விட்டு, இனி வேறு ஆடவனை அறிவதில்லை என்று சபதம் செய்து போன அவளும் ஒரு தாயே. ஏற்பாடு செய்த விவாகம் நடக்கவேயில்லை. அகுஸ்தீனார் தம் நூலில் அவள் பெயரைக்கூட எழுதவில்லை. இக்குற்றத்தில் தாய்க்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு என்பதே என் தீர்ப்பு. தோட்டத்துக்கு அடுத்த இதழில் போவோம்.