நாடகக் கம்பெனி என்னும் பள்ளிக்கூடம்



தமிழ்த் திரையுலகில் பெரும்புகழ் எய்திய பழைய நடிகர்களின் வரலாறுகளைப் படிப்பவர் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் காண்பர். எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், என். எஸ். கிருஷ்ணன், பி. யு. சின்னப்பா ஆகிய நால்வரும் ஊராலும் குடும்பத்தாலும் வேறுபட்டவர்கள். நடிப்பு முறையாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் நால்வரும் ஏட்டுக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே விட்டு, இளமையில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய அக்கம்பெனிகளைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றே மக்கள் அழைத்தனர். அவை எவ்வாறு தோன்றின, அங்கே எவை கற்பிக்கப்பட்டன, அங்குச் சேர்ந்த சிறுவர்கள் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவற்றை இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை பரவியிருந்தது. நாடகத்தை ஏற்பாடு செய்பவர் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே வரவழைப்பார். வள்ளியாக நடிப்பவர் ஓரூரிலிருந்து வருவார். வேலனாக நடிப்பவர் வேறோரூரிலிருந்து வருவார். ஒத்திகை என்பதே கிடையாது. இருவரும் மேடையிலேதான் சந்திப்பர். வல்லவர் இருவர் எதிர்ப்பட்டால் பாட்டிலும் வாதத்திலும் போட்டி மூண்டுவிடும். கேட்போர்க்கு அது விருந்தாக இருக்கும்; கதையோ நடுவழியில் நின்றுபோகும்.

இந்நிலையைச் சீர்செய்ய முயன்றவர்களுள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராகவும் நாடகாசிரியராகவும் விளங்கியவர். பாடத்தைப் பணிந்து கற்று, எழுதியபடியே பேசி நடிக்கச் சிறுவர்களே ஏற்றவர்கள் என்று அவர் கண்டார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோர் அச்சபையில் மாணவராகச் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டி. கே. சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. சுவாமிகள் 1922-இல் மறைந்தார். சகோதரர்கள் 1925-இல் தமக்கெனத் தனிச் சபை கண்டனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி முதலியன ஊர் ஊராகச் சென்று கொட்டகையிட்டு நாடகம் நடத்தின.

கம்பெனி வாழ்க்கை எத்தகையது? ஒரே கூரையின்கீழ் உணவு, உறக்கம், பாடம், பயிற்சி அனைத்தும் நடைபெறும். காலையில் பாட்டுப் பயிற்சி, பின்னர் வசனப் பாடம், அதன்பின் ஒத்திகை. இரவில் தொடங்கும் நாடகம் நள்ளிரவைக் கடந்தும் நிகழும். கற்பிப்பவரை 'வாத்தியார்' என்றே அழைத்தனர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கவேண்டும். ஆகவே மூச்சை அடக்கிப் பேசவும், லகர, ளகர, ழகரங்களைப் பிழையின்றி ஒலிக்கவும் சிறுவர்கள் பழக்கப்பட்டனர். ஒருவன் தன் வேடத்தை மட்டும் கற்றால் போதாது. இன்று தோழியாக நிற்பவன் நாளை சீதையாகவும், மறுநாள் பரதனாகவும் நிற்க நேரிடும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்வேடத்தை உடனே ஏற்கவேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இக்கல்வி முறையை நான் வியக்கிறேன். கேட்டல், சொல்லுதல், மூத்தோர் செய்வதைப் பார்த்தல், பலர் முன் செய்துகாட்டல் என்னும் நான்கும் நாள்தோறும் நடந்தன. தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை அன்று; ஒவ்வோர் இரவும் தேர்வுதான். மதிப்பெண் இடுவோர் எதிரே அமர்ந்திருந்த பொதுமக்கள்.

ஆயினும் அதே ஆசிரியப் பயிற்சி என்னை வேறொன்றையும் கேட்கச் செய்கிறது. அச்சிறுவர்கள் அங்கே ஏன் வந்தனர்? பலரைக் கொண்டுவந்து சேர்த்தது வறுமை. இலங்கையில் 1917-இல் பிறந்த இராமச்சந்திரன் தந்தையை இழந்தபின், அன்னை சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்தில் குடியேறினார். குடும்பத்தின் துன்பம் தாங்காமல், பிள்ளைகள் சக்கரபாணியும் இராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர். 1928-இல் பிறந்த கணேசனின் கதை சற்று வேறு. கட்டபொம்மன் கதையை மேடையில் கண்டு நாடகத்தில் நாட்டம் கொண்ட அச்சிறுவர், தாம் ஓர் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார். பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் தம் வீட்டைக் காணவில்லை. பயிற்சியில் தவறினால் அடி விழுவது அக்கம்பெனிகளில் வழக்கமாக இருந்தது.

எல்லாவற்றினும் கொடிய சோதனை ஒன்று இருந்தது. அதற்கு நாடக உலகில் 'மகரக்கட்டு' என்று பெயர். பருவம் மாறும் வயதில் சிறுவனின் குரல் உடைந்து கரகரக்கும், இது இயற்கை. நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அவ்வாறு நேர்ந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள், அவ்வளவே. நாடகச் சிறுவனுக்கோ பாட்டுப் போனால் வேடம் போகும்; வேடம் போனால் பிழைப்பே போகும். புதுக்கோட்டையில் 1916-இல் பிறந்த சின்னப்பா கம்பெனியில் பாடிப் பெயர் பெற்றவர். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, சிலம்பமும் உடற்பயிற்சியும் பயின்றார், இசையையும் விடவில்லை. 1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் ஏற்றுத் தமிழகம் எங்கும் புகழ்பெற்றார். எனினும் 1951-இல், 35-ஆம் வயதிலேயே மறைந்தார்.

1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ் பேசிய முதல் திரைப்படம் அது. அதன் நாயகி டி. பி. இராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. ஊமைப் படத்திற்கு முகமும் உடலும் போதுமாயிருந்தன. பேசும் படத்திற்கோ பேசவும் பாடவும் வல்லவர்கள் உடனே தேவைப்பட்டனர். பின்னணிப் பாடகர்கள் வராத காலம் அது, நடிப்பவரே பாடவேண்டும். அத்தகைய பயிற்சி பெற்றோரைத் திரைப்பட முதலாளிகள் வேறெங்கே தேடுவர்? 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கிய 'சதிலீலாவதி' படத்தில் இராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் திரையில் அறிமுகமாயினர்; கிருஷ்ணனும் அதில் நடித்தார். அப்படத்திற்கு உரையாடல் எழுதிய எம். கந்தசாமி முதலியார் பாய்ஸ் கம்பெனிகளில் நாடகம் பயிற்றிய ஆசிரியர். ஆசிரியரும் நாடகக் கம்பெனிகளில் பயின்றவர்களும் ஒரே படத்தில் கூடிய அதனைப் பழைய மாணவர் கூட்டம் என்றே சொல்லலாம்.

அறிமுகமானவுடன் அனைவருக்கும் வாழ்வு மலர்ந்துவிடவில்லை. இராமச்சந்திரன் நாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-இல்தான் வந்தது. இடையில் 11 ஆண்டுகள் சிறு வேடங்களில் நடித்தார். கணேசனின் முதற்படமான 'பராசக்தி' 1952-இல் வெளிவந்தது. அப்படத்தின் நீண்ட வசனங்களை அவர் ஏற்ற இறக்கத்துடன் பேசியதைக் கேட்டு நாடே வியந்தது. கம்பெனியில் கழித்த இளமைப் பருவம் அந்நாவிற்கு அளித்த பயிற்சி அது. 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காக, மறு ஆண்டில் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்னும் பரிசைப் பெற்றார்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது மாணவர் சிலர், "இவர்கள் பள்ளிக்குப் போகாமலே உயர்ந்தார்களே, ஐயா!" என்பர். அவர்களுக்கு நான் இரண்டு விடைகள் கூறுவேன். முதலாவது, அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். நம்மில் பலரைவிடக் கடுமையாகப் படித்தவர்கள், அவர்களின் பாடநூல் வேறு, அவ்வளவே. இரண்டாவது, நாம் அறிந்த பெயர்கள் கரை சேர்ந்தவர்களின் பெயர்கள். குரல் உடைந்து கம்பெனியிலிருந்து விலகிய சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் திரும்பிச் செல்ல வகுப்பும் இல்லை. கையில் வேறு தொழிலும் இல்லை. அவர்களின் வரலாற்றை எழுதியவர் இல்லை.

கரை சேர்ந்தவர் இந்த உண்மையை மறக்கவில்லை. பசியால் பள்ளியை விட்டு நாடகம் சென்ற இராமச்சந்திரன் முதலமைச்சரானபின், 1982-ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை அது விரிவாக்கியது. இளமையில் தாம் அறிந்த பசியை அவர் பலமுறை எடுத்துரைத்ததுண்டு.

இன்று திரையிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிறுவர்கள் நடிக்கிறார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், பள்ளிப் படிப்புக்கு ஊறு நேராவண்ணம் மட்டுமே 14 வயதிற்குட்பட்டோர் நடிக்கலாம் என்கிறது. 2017-இல் வந்த விதிகளின்படி நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் அவர்களை வேலை வாங்கலாகாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேலும் ஆகாது. வருமானத்தில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகச் சேரவேண்டும். இவ்விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்குக் கிட்டாதவை யாவை என்ற பட்டியலையே படிப்பதுபோல் தோன்றுகிறது.

அக்கம்பெனிகளிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது இடைவிடாத பயிற்சியும், சொல்லைச் சுத்தமாகச் சொல்லும் அக்கறையும் ஆகும். தள்ளத்தக்கது, அப்பயிற்சிக்காகப் பிள்ளையை வீட்டினின்றும் பள்ளியினின்றும் பிரித்த முறை. பழைய படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், மாணவர்களே, நாயகனின் குரலைக் கூர்ந்து கேளுங்கள். மகரக்கட்டு வந்த நாளில் அரங்கை விட்டு இறங்கிய அவனது தோழனையும் அப்போது ஒருகணம் நினையுங்கள்.