சிங்கர் மெஷினும் நாட்டுக்கொரு உடையும்

புதுவையில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தில் ஒரு சிங்கர் தையல் மெஷின் இருந்தது. அதன் கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் எகிப்திய ஸ்பிங்ஸ் படம். எகிப்துக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. அந்தக் கம்பெனியின் பழைய விளம்பர அட்டைகளைப் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உலகம் முழுவதையும் அவர்கள் தங்கள் கடைத்தெருவாகவே நினைத்திருக்கிறார்கள்.

ஐசக் சிங்கர் அமெரிக்காவில் 1851-ல் காப்புரிமை பெற்றார். 1856-ல் தவணை முறை வந்தது. 1885-ல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1892-ல் 'எல்லா நாட்டு உடைகள்' என்று ஒரு வரிசை அட்டைகளை அச்சிட்டார்கள். மறுவருடம் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவற்றை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சிடும் வண்ணப்படங்கள் அவை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு 'க்ரோமோ' என்றால் தெரியும். பாரிஸில் போன் மார்ஷே கடையும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் படம் கொடுத்தது.

அட்டையின் முன்பக்கம் அந்தந்த நாட்டு உடையில் மனிதர்கள், நடுவே மெஷின். பின்பக்கம் அந்த நாட்டைப் பற்றி நாலு வரி. ஸ்பெயின், நார்வே, ஜப்பான், இலங்கை, இந்தியா என்று ஒவ்வொன்றிலும் உடை மாறும், மெஷின் மாறாது. ஜூலூ நாட்டு அட்டையில், நாகரிகம் வந்து நூறு வருஷம்கூட ஆகாத மக்கள் இவர்கள் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். நாகரிகம் என்றால் அவர்கள் கணக்கில் மெஷினும் சேர்த்திதான். ஆல்பத்தில் ஒட்டி வைத்த அமெரிக்கப் பிள்ளைகள் உலகத்தை இப்படித்தான் படித்திருப்பார்கள். படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. நாட்டின் பெயர் மட்டும்தான்.

இன்னொன்றும் தோன்றியது. நம் சேலைக்கும் வேட்டிக்கும் தையலே தேவையில்லை. ஆயாவும் ஊசி படாத சேலைதான் கட்டினாள். ஆனால் அதே மெஷினில் தெருவில் உள்ளவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, தாத்தா போன பிறகு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அவளைப் படம் எடுத்திருந்தால் கீழே 'இந்தியா' என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழைய மெஷின் இருக்கலாம். அதில் உட்கார்ந்து தைத்தது யார் என்று பேரப்பிள்ளைகளிடம் பெயரோடு சொல்லி வையுங்கள்.