கந்தக பூமி

விருதுநகர், சாத்தூர், சிவகாசிச் சீமையைக் கந்தக பூமி என்று சொல்வார்கள். வெயிலுக்காக வந்த பெயர் அது. கரிசலை எத்தனை அடி தோண்டினாலும் ஒரு பிடி கந்தகம் அகப்படாது. தன்னிடம் இல்லாத சரக்கை வெளியூரிலிருந்து வரவழைத்து, அதைக் கொண்டே பேர் வாங்கிய ஊர் சிவகாசி.

மழை பொய்த்த அந்த ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ம் வருஷம் கல்கத்தாவுக்குப் போனார்கள். சில மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது.

கந்தகத்தின் பூர்வ கதை அவ்வளவு அழகானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கெல்லாம் கந்தகம் கொடுத்தது சிசிலித் தீவு. சுரங்கத்தின் அடியிலிருந்து அதைச் சுமந்து மேலே கொண்டு வந்தவர்களில் சின்னஞ்சிறு பையன்கள் அநேகர். (நம் தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.) 1894-ல் ஹெர்மன் ஃபிராஷ் என்பவர் அமெரிக்காவில் பூமிக்குள் கொதிநீரைச் செலுத்தி, கந்தகத்தை உருக்கி மேலே வரவழைத்தார். பையன்களின் முதுகு தப்பியது; நாளடைவில் அந்தக் கூலியும் போயிற்று.

இன்றைக்குச் சுரங்கம்கூட அவ்வளவாக வேண்டியதில்லை. பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பது 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டுச் சட்டம். எண்ணெயிலிருந்து அப்படிக் கழற்றி எடுப்பதுதான் இன்று உலகக் கந்தகத்தில் பெரும் பகுதி. வருஷத்துக்கு 7 கோடி டன்னுக்கு மேல். பெரும்பகுதி அமிலமாகிறது; அதில் பெரும் பங்கு உரத்துக்குப் போகிறது. மிஞ்சியது கனடாவில் மஞ்சள் மலையாகக் கிடக்கிறது. பட்டாசுக்குப் போவது கடுகளவு.

அந்தக் கடுகும் காரமானதுதான். குளோரேட் உப்போடு சேர்ந்தால் ஓர் உரசல் போதும். அந்தக் கலவையை வெடிகளில் சேர்க்கக் கூடாது என்று 1992-ல் சர்க்கார் தடை போட்டது. அது போய் வேறு மருந்து வந்தது. விபத்து மட்டும் போகவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் மாண்டவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர்.

இதே கந்தகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. எட்டு அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்பது அதன் இயல்பு. 159 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் வளையம் அறுந்து நீண்ட சங்கிலியாகும். அப்படியே குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பரைப் போல் இழுபடும். ஆனால் நாய் வால்தான்: சில நாளில் பழையபடி மஞ்சள் தூளாகிவிடும்.

அமெரிக்கரான குட்இயர் 1839-ல் ரப்பரில் துளிக் கந்தகம் சேர்த்து அதைக் கெட்டிப்படுத்தியது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2013-ல் அரிசோனா சர்வகலாசாலையின் ஜெஃப்ரி பியூன் குழுவினர் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். நிறையக் கந்தகம், அதன் சங்கிலி நுனிகளைப் பிடித்துக் கட்டக் கொஞ்சம் கரிமப் பொருள். பிளாஸ்டிக் போன்ற ஒன்று கிடைத்தது, நிலைத்தும் நின்றது. ஆஸ்திரேலியாவில் ஜஸ்டின் சாக்கர் குழுவினர் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயையும், பிறகு கனோலா எண்ணெயையும் சேர்த்துப் பார்த்தார்கள். இத்தகைய பொருள்களை அரிப்புத் தடுக்கும் பூச்சாகவும் சோதித்திருக்கிறார்கள்.

தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள பாதரசத்தையும் அது கவ்விக்கொள்கிறது. ரசமும் கந்தகமும் கூடும் வித்தையை நம் சித்தர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! கொடைக்கானலில் 2001-ல் மூடிய வெப்பமானித் தொழிற்சாலை விட்டுப் போன பாதரசத்தை எண்ணும்போது இந்தச் செய்தி வெறும் வேடிக்கையாக இல்லை.

விருதுநகரோ எண்ணெய்ச் சந்தை. கந்தகம் பற்றிக்கொள்வதற்கான இரட்டைப் பிணைப்பு நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உண்டு. நல்லெண்ணெயை அதற்குக் கொட்டுவது பாவம். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயே போதும் என்று ஆஸ்திரேலியாக்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 180 டிகிரியில் காய்ச்சும்போது சூடு கைமீறாமலும் நச்சு வாயு கிளம்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தறையில் பழகிய ஊருக்கு ஜாக்கிரதை புதிதல்ல.

கூலிக் கணக்குத்தான் இடிக்கிறது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை சொன்னதிலிருந்து அந்தப் பக்கத்துப் பெண்கள் வேலை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சரம் பின்ன ஆயிரம் விரல் வேண்டும். கொப்பரையில் கந்தகம் காய்ச்சப் பத்துப் பேர் போதும்.