யாழை உடைக்க ஓங்கிய கை

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரம். 15-ஆம் நூற்றாண்டு, மறுமலர்ச்சிக் காலம். அந்நகரச் சிற்பிகள் முழ உயரங்கூட இல்லாத வெண்கலச் சிலையொன்றை வடித்தனர். ஆடையற்ற மனிதன், பெயர் மார்சியாஸ், கிரேக்கப் புராணத்துக் குழலிசைஞன். அவன் செய்த குற்றம் யாது? யாழேந்தும் தேவனாகிய அப்போலோவை இசைப் போட்டிக்கு அழைத்தான். தோற்றான். தேவன் அவனை மரத்தில் கட்டி உயிரோடு தோலுரித்தான்!

கிரேக்கத்துக் கதை நமக்கெதற்கு என்பீர். நம்மிடமும் ஓர் இசைஞன் சிலையாக நிற்கிறான், தோழர்களே! மயிலாப்பூர்ப் பங்குனித் திருவிழாவில் பவனி வரும் 63 நாயன்மார் திருவுருவங்களுள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் ஒருவர். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்தவர். அவர் கதையை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார்.

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், "இவர் யாழால்தான் பதிகம் புகழ் பெறுகிறது" என்று பேசினராம். கேட்ட பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பாட்டொன்றைத் தாமே வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழ் தோற்றது. பாணர் அதை உடைக்கக் கையோங்கினார், சம்பந்தர் தடுத்தார்.

மார்சியாஸ் செருக்கினான்; தண்டிக்கப்பட்டான். பாணரோ பிறர் புகழ்ந்ததற்கே அஞ்சினார். அங்கே தோலுரிக்கக் கத்தி வேண்டியிருந்தது. இங்கே கத்தி எதற்கு? உள்ளத்தில் ஊன்றிய அச்சமே போதுமானதாயிற்று!

இந்த அச்சம் பாணர் குலத்தின் பிறவிக் குணமா? அன்று! நம் அரியூருக்கு வடக்கே, திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலைத் தன் ஊராகக் கொண்டவன் நல்லியக்கோடன். பாணனைப் பொற்கலத்தின்முன் அமர்த்தி, அவ்வரசன் தானே நின்று உண்பித்தான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அரசனை நிற்கவைத்த குலம், பின்னாளில் கோயில் வாயிலில் நின்றது. மதுரையில் யாழ்ப்பாணர் வாயிலில் நின்று பாட, இறைவன் ஆணையால் உள்ளே அழைக்கப்பட்டார் என்கிறது புராணம். திருவாரூரிலோ, அவருக்கென வடக்கே வேறு வாயில் வகுக்கப்பட்டதாம். இருந்த வாயில் என்னவாயிற்று? அவ்வழியே வர அவருக்கு ஏன் உரிமையில்லை?

ஆண்டவனே அழைத்தான் என்று சொல்லப்பட்ட அதே மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்த நாள் 1939 ஜூலை 8! ஏறத்தாழ 1300 ஆண்டுகள் அந்த அழைப்பு யார் காதிலும் விழவில்லை. திறக்க வைத்தது அற்புதம் அன்று, மனிதர் முயற்சி.

இளைஞர்களே! சிலையைத் தோளில் சுமப்பது எளிது. அச்சிலைக்குரியவன் ஏன் நடுங்கினான் என்று கேளுங்கள். அந்த நடுக்கம் எந்த மனிதனுக்கும் இனி வேண்டாம்.