அன்பியம்

அன்பு + இயம் = அன்பியம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, அதன்படி வாழ முயலும் சிறு குழுவுக்குத் தமிழ்த் திருச்சபையில் வழங்கும் பெயர். பெண்ணியம், மார்க்சியம் போன்ற சொற்களில் ‘இயம்’ கொள்கையைக் குறிக்கும். இங்கே அது மனிதர்களையே குறிக்கிறது. அதனாலேயே இச்சொல் எனக்கு அத்தனை பிடிக்கும்.

சொல் புதிது, வழக்கம் பழையது. பிரிஸ்கா, அக்கிலா தம்பதியர் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் உரோமையர் மடலில் வாழ்த்துச் சொல்கிறார். தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் 1976 ஆகஸ்டில் ஒரு மாதம் கூடி ஆராய்ந்தபோது, இத்தகைய சிறு சமூகங்களை வளர்ப்பதை முதன்மைப் பணிகளில் ஒன்றாக்கினார்கள். மூவார் நகரம் அடங்கிய மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டமே அப்போது புதிது; அது தோன்றியது 1972-இல்தான்.

கோவிலில் பின்வரிசையில் அமர்ந்து திரும்பிவிடுபவரை யாரும் அறியாமல் போகலாம். அன்பியத்தில் அப்படி முடியாது. யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குத் தேர்வு, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் செபம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். துக்க வீட்டில் முதலில் வந்து நிற்க வேண்டியவர்களும் அன்பியத்தாரே.

மூவாருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? ஞாயிறு பூசை முடிந்ததும், உங்கள் தெருவுக்கு எந்த அன்பியம் என்று கேளுங்கள்.