குரங்குக் குல்லாவும் ஒரு போரும்

டிசம்பர் பிறந்தால் டில்லித் தமிழர் வீடுகளில் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது குரங்குக் குல்லாதான். முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடும் அந்த வஸ்துவுக்கு வெளியுலகத்தில் பெயர் 'பாலக்லாவா'. கிரைமியாவில், கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர் அது.

1854-ல் ரஷ்யாவோடு சண்டை போட பிரிட்டிஷ் படை அங்கே போய் இறங்கியது. சண்டை இழுத்துக்கொண்டே போய் குளிர்காலம் வந்துவிட்டது. நவம்பர் 14 அன்று அடித்த புயலில், குளிர் உடைகள் ஏற்றி வந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே மூழ்கியது. கோட்டுகள் கடலுக்கு அடியில், சிப்பாய்கள் கூடாரச் சேற்றில்! அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு அதிகம்.

இந்த அவலம் லண்டன் பத்திரிகைகளில் வந்ததும் ஊரில் இருந்த பெண்கள் கம்பளி நூலைக் கையில் எடுத்தார்கள். தொப்பி, மப்ளர், கையுறை என்று பின்னி அனுப்பினார்கள். தொப்பிக்குப் பாலக்லாவா என்ற பெயர் நிலைத்தது பல வருடம் கழித்துத்தான்.

ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் தினமும் சொல்லும் இன்னும் இரண்டு பெயர்களும் இதே போரிலிருந்து வந்தவை. படைத்தளபதி ராக்லன் பிரபு 1815-ல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். அவருக்காகத் தைத்தது என்று சொல்லப்படுவதுதான் ராக்லன் கை. 1854 அக்டோபர் 25 அன்று அவர் அனுப்பிய தெளிவில்லாத உத்தரவால், கார்டிகன் பிரபு தலைமையில் சுமார் 670 குதிரை வீரர்கள் நேராக ரஷ்ய பீரங்கிகளுக்கு எதிரே பாய்ந்தார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கார்டிகன் உயிரோடு திரும்பிவிட்டார். துறைமுகத்தில் நின்ற சொந்த உல்லாசப் படகில் தூங்கிய மனிதர் அவர் (குளிர் எங்கே தெரிந்திருக்கும்?). முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டருக்கு அவர் பெயர்! பின்னி அனுப்பிய ஒரு பெண்ணின் பெயர்கூட எந்த உடைக்கும் இல்லை. என்னைக் கேட்டால் இது அநியாயம்.

சரி, பின்னலுக்கு வருவோம். இங்கே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் கற்றவர்களுக்கு சலாய், ஃபந்தா, சீதா, உல்டா எல்லாம் பழக்கமாயிருக்கும். ஒரு வரிசை சீதா, மறு வரிசை உல்டா போட்டால் வழவழப்பான துணி வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். அதனால் குல்லாவின் கழுத்துக்கும் முகத்தைச் சுற்றிய விளிம்புக்கும் 2 சீதா, 2 உல்டா என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ரப்பர் மாதிரி இழுபடும், தலையை விட்டு நழுவாது. ராக்லன் ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து வட்டமாகத் தொடங்கினால், கை சேரும் 4 கோடுகளிலும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இவ்விரண்டு ஃபந்தா கூட்ட வேண்டும். ஆக, கூட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 8. தோளில் தையலே கிடையாது. குழந்தைகளுக்குப் பின்ன இதுதான் சுலபம். நடுவில் போட்டுப் பார்த்து, நீளம் போதாவிட்டால் இன்னும் நாலு வரிசை போட்டுக்கொள்ளலாம்.